வீட்டுக்குள் விஞ்ஞானம்: மரவள்ளி மாவில் பை செய்யலாமா?



கடைக்குப் போய் வந்ததும் வீட்டில் எத்தனை பொலித்தீன் பைகள் சேருகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கின்றீர்களா? சீனி ஒரு பையில், பருப்பு ஒரு பையில், மீன் ஒரு பையில், இவை எல்லாவற்றையும் தூக்கி வர இன்னொரு பை. மீன் கறியாகு முன்னரே பைகள் குப்பையாகி விடுகின்றன. சில ஆண்டுகளாக, "இது சோளமாவில் செய்தது, மண்ணில் உக்கிவிடும்" என்று சொல்லி வேறு வகைப் பைகளும் சாப்பாடு சுற்றும் தாள்களும் விற்பனைக்கு வருகின்றன. மாவில் பையா? அது உண்மையா? அப்படியானால் நாமே செய்யலாமா? பெண்கள் சங்கங்களில் அடிக்கடி எழும் இந்தக் கேள்விகளை இம்மாதம் எடுத்துக் கொள்வோம்.

குப்பை எங்கே போகிறது?

வண்ணாத்திவில்லுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கொழும்பின் குப்பைக்கு இடம் தேடிய அரசாங்கத்தின் பார்வை எமது பிரதேசத்தின் மேல் திரும்பியிருந்தது. வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள அருவாக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய இடத்தை அடுத்து, நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பையை ஏற்கும் நிலநிரப்புத் தளம் திட்டமிடப்பட்டது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம். ரயிலில் ஏற்றி வருவதே திட்டம். 2018இல் புத்தளம் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளோடு வீதியில் வந்து அமர்ந்தார்கள். இருந்தும் 2019 ஓகஸ்டில் முதல் லொறிகள் வந்து சேர்ந்தன.

பக்கத்தில் வில்பத்துக் காடு. மறுபக்கம் கலா ஓயா வந்து விழும் கடலேரி, கண்டல் மரங்கள், இறாலையும் நண்டையும் மீனையும் நம்பி வாழும் குடும்பங்கள். தலைநகரில் ஒருவர் பத்து நிமிடம் சோறு சாப்பிட்டு எறிந்த பொலித்தீன் தாள் 170 கிலோமீற்றர் பயணம் செய்து எமது அயலுக்கு வந்தது. ஆகவே "உக்கும் பிளாஸ்ரிக்" என்ற பேச்சில் எது மெய், எது பொய் என்று அறிய வேண்டிய தேவை வேறு எவரையும் விட எமக்கே அதிகம்.

பிளாஸ்ரிக் எமது எதிரியா?

இதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போன குடும்பங்களுக்கும் தலைக்கு மேல் கூரையாக இருந்தது தறப்பாள்தான். குடிநீர் சுமந்தது பிளாஸ்ரிக் கானில். பிறந்த சான்றிதழையும் அடையாள அட்டையையும் மழையிலும் சேற்றிலும் காப்பாற்றியது ஒரு பொலித்தீன் பை. உக்காத தன்மைதான் அன்று எமக்குத் துணையாக இருந்தது.

பிரச்சினை என்னவென்றால், பல வருடம் நிலைக்கக்கூடிய ஒரு பொருளைப் பத்து நிமிடத் தேவைக்குப் பாவிப்பது. தறப்பாளுக்கு உக்காத பொருள் வேண்டும். சாப்பாட்டுப் பார்சலுக்கு உக்கும் பொருள் போதும். எந்தத் தேவைக்கு எவ்வளவு காலம் நிலைக்கும் பொருள் வேண்டும் என்று கேட்கப் பழகினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மாவுக்குள் என்ன இருக்கிறது?

பிளாஸ்ரிக் என்பது மிக நீண்ட சங்கிலி. சிறு மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த மாலை போன்றது. பொலித்தீனின் மணிகள் கனிய எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் வருபவை. மரவள்ளி, சோளம், அரிசி, உருளைக்கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாப்பொருளும் அதேபோன்ற நீண்ட சங்கிலிதான். அதன் மணிகள் குளுக்கோசு என்ற சீனி. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது ஏன்? எமது உமிழ்நீர் அந்தச் சங்கிலியை வெட்டிச் சீனியாக்குகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடமும் அதே கத்தி உண்டு. பொலித்தீன் சங்கிலியை வெட்டுவதற்கு அவற்றிடம் அநேகமாகக் கத்தி இல்லை. ஒன்று உக்குவதற்கும் மற்றது கிடப்பதற்கும் காரணம் இதுவே.

மாவிலிருந்து படலம் உண்டாவது எமக்குப் புதிதல்ல. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் மொரமொரப்பாக நிற்கிறதல்லவா? நூலின் மேல் மெல்லிய மாப்படலம் ஒன்று படிந்துவிட்டது. கஞ்சிப் பானையின் ஓரத்தில் காய்ந்து தாள் போல உரிந்து வருவதும் அதுவே. நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசியை மெல்லியதாக ஊற்றி முற்றாகக் காயவிட்டால் கண்ணாடித் தாள் போலாகும். அதுவும் ஒரு தாவரச் சங்கிலிதான். புத்தளம் கடலேரியில் விளையும் பாசியை வெள்ளைக்காரர்கள் 'சிலோன் பாசி' என்றே பெயரிட்டு அழைத்தார்கள்.

செய்து பார்ப்போம்

பிள்ளைகளின் விஞ்ஞான பாடத்துக்கும் உதவும். தேவையானவை:

சோளமா அல்லது மரவள்ளி மாப்பொருள் – 1 மேசைக்கரண்டி
தண்ணீர் – 4 மேசைக்கரண்டி
வினாகிரி – 1 தேக்கரண்டி
கிளிசரின் (மருந்துக் கடையில் கிடைக்கும்) – 1 தேக்கரண்டி

மரவள்ளி மாப்பொருளை வீட்டிலேயே எடுக்கலாம். கிழங்கைத் தோல் நீக்கித் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சீலையில் வடித்து, அந்தப் பால் தண்ணீரை அசையாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் அடியில் வெள்ளையாக மா படியும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவிடுங்கள்.

நான்கு பொருட்களையும் ஒரு பழைய சட்டியில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் வைத்து விடாமல் கிளறுங்கள். பால் போன்ற கரைசல் சிறிது நேரத்தில் தடித்து, பசை போலக் கண்ணாடித் தன்மைக்கு வரும். உடனே இறக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். சூடான பசை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். சிறு பிள்ளைகளை அடுப்பருகே விடவேண்டாம்.

காய்ந்ததும் மெல்ல உரித்தெடுங்கள். வளையக்கூடிய ஒரு தாள் உங்கள் கையில் இருக்கும். கிளிசரின் விடாமல் இன்னொரு தாள் செய்து பாருங்கள். அது காய்ந்ததும் வெடித்து நொறுங்கும். கிளிசரின் சங்கிலிகளுக்கிடையில் நின்று, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுக்கிறது. வினாகிரி மாவின் கிளைச் சங்கிலிகளைச் சிறிது வெட்டிப் படலம் சீராக வர உதவுகிறது.

இனி அந்தத் தாளின் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஊதிப் பெருத்து, குழைந்து போகும். இன்னொரு துண்டை ஈரமான அறையில் வையுங்கள். சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். இதனால் உணவு சுற்ற இது உதவாது. மீன் வாங்க இந்தப் பையோடு போனால் மீன் வழியிலேயே விழுந்துவிடும்.

அதனால்தான் கலவை

மாப்பொருள் மட்டும் பையாகாது என்பதை ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் கண்டார்கள். ஆகவே அதனுடன் வேறு பொருட்களைக் கலக்கத் தொடங்கினார்கள்.

கேரளத்தில், திருவனந்தபுரம் சிறீகாரியத்தில், 1963இல் தொடங்கப்பட்ட இந்திய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி மாப்பொருளைப் பொலித்தீனோடு கலந்து படலம் செய்யும் முறையை உருவாக்கியது. அந்தக் காலத்தில் பல நாடுகளிலும் நடந்த முயற்சி அது. இத்தகைய கலவையில் ஒரு குறை உண்டு. மண்ணில் மா உக்கிவிடும், பொலித்தீன் துகள்துகளாகிக் கிடக்கும். பை மறைந்துவிட்டது போலத் தோன்றினாலும் தூள் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும்.

அதற்கு அடுத்த தலைமுறைக் கலவைகள் வந்தன. சோளம், கரும்பு முதலியவற்றின் சீனியைப் புளிக்க வைத்துப் பெறும் பி.எல்.ஏ என்ற பொருள் ஒன்று. கனிய எண்ணெயிலிருந்து வந்தாலும் நுண்ணுயிர்கள் வெட்டக்கூடிய சங்கிலியைக் கொண்ட பி.பி.ஏ.ரி என்ற பொருள் இன்னொன்று. மாப்பொருளோடு இவற்றைக் கலந்தால் ஈரத்தைத் தாங்கும், பாரம் தூக்கும், பின்னர் உக்கவும் செய்யும். 2021 ஓகஸ்டில் திருப்பதி திருமலையில் லட்டு வாங்குவோருக்காகச் சோளமாப்பொருள் கலந்த உக்கும் பைகளை விற்கும் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் இதற்குத் துணை நின்றது. போருக்கு ஆயுதம் செய்யும் நிறுவனம் லட்டுப் பைக்கும் வழி தேடியது என்பது கேட்க நல்ல செய்திதான்.

எமது கரையில் கிடைக்கும் இரண்டு பொருட்களும் இந்த ஆராய்ச்சிகளில் உண்டு. ஒன்று கடற்பாசி. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 2020இல் காப்பாபைக்கஸ் என்ற பாசியிலிருந்து உக்கும் படலம் செய்து காட்டினார்கள். வடக்கிலும் இராமநாதபுரத்திலும் பெண்கள் வளர்க்கும் பாசி அதுவே. மற்றது இறால் ஓடு. சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள் இருக்கின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கைற்றோசன் என்ற பொருளைப் பிரிக்கலாம். அது வினாகிரியில் கரையும். மாப்பொருளோடு சேர்த்தால் படலம் உறுதியாகும், பூஞ்சணமும் குறையும். ஆனால் ஓட்டிலிருந்து அதைப் பிரிக்கக் கடும் அமிலமும் கொதிக்கும் கோஸ்ரிக் சோடாவும் வேண்டும். அது கண்ணையும் கையையும் எரித்துவிடும். வீட்டில் ஒருபோதும் முயல வேண்டாம். அது ஆய்வுகூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் உரிய வேலை.

பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம்

பைகளில் 'டிகிரேடபிள்', 'ஒக்சோ டிகிரேடபிள்', 'பயோ டிகிரேடபிள்', 'கொம்போஸ்டபிள்' என்று பல பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாம் ஒன்றல்ல.

'ஒக்சோ' என்பது பெரும்பாலும் சாதாரண பொலித்தீன். வெயிலில் விரைவாக நொறுங்க ஒரு மருந்து கலந்திருக்கும். நொறுங்குவது உக்குவதல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2021 ஜூலை முதல் இதைத் தடை செய்துள்ளன.

'கொம்போஸ்டபிள்' என்பது கூட்டெருவாகக்கூடியது. ஐரோப்பிய நியமப்படி 12 கிழமைகளில் துண்டுகளாகி, 6 மாதத்துக்குள் 90 வீதம் நுண்ணுயிர்களால் உண்ணப்பட வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனை நடப்பது ஏறத்தாழ 58 பாகை வெப்பமுள்ள பெரிய கூட்டெருத் தளத்தின் நிலைமையில். எமது வளவுக் குழியில் அவ்வளவு சூடு நீடிப்பதில்லை. அங்கே அதிக காலம் எடுக்கும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் மூன்று வருடம் வைத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 'பயோ டிகிரேடபிள்' என்று எழுதிய பை மூன்று வருடத்தின் பின்னும் சாமான் தூக்கும் நிலையில் இருந்தது! கூட்டெருவாகும் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமற்போனது. மண்ணிலோ 27 மாதத்தின் பின்னும் கிடந்தது. பாரம் தாங்கும் வலு மட்டும் போய்விட்டது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மாப்பைகளும் உணவுக் கழிவும் காற்றுப் புகாத குப்பை மேட்டின் அடியில் புதைந்தால் அங்கே மீதேன் என்ற எரிவாயு உண்டாகும். ஆகவே உக்கும் பையைக் கலப்புக் குப்பையில் போட்டு அருவாக்காட்டுக்கு அனுப்பினால் பையின் பயன் கிடைக்காது. வீட்டிலும் சந்தையிலும் குப்பை பிரிக்கப்பட்டு, உக்குபவை கூட்டெருவுக்குப் போனால்தான் மாப்பைக்குப் பொருள் உண்டு.

தொழிலாகச் செய்யலாமா?

சட்டம் மாறி வருவதால் சந்தை இருக்கிறது. எமது நாட்டில் 2007 ஜனவரி முதல் 20 மைக்றோன் மற்றும் அதற்குக் குறைந்த தடிப்பான பொலித்தீனுக்குத் தடை. 2017 செப்ரெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி முதலியவற்றுக்குத் தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாய், கரண்டி, தட்டு, மாலை ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுக்கும் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது.

இதைக் காட்டி, "உக்கும் பை செய்யும் இயந்திரம் தருகிறோம், கடனும் ஒழுங்கு செய்கிறோம்" என்று எவரும் சங்கத்துக்கு வந்தால் அவசரப்பட வேண்டாம். கடன் என்ன செய்யும் என்பது எமக்குத் தெரியும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. கையெழுத்து வைக்க முன் இவற்றைக் கேளுங்கள்:

1. மூலப்பொருள் மணிகள் எங்கிருந்து வருகின்றன? பி.எல்.ஏ, பி.பி.ஏ.ரி வெளிநாட்டிலிருந்தே வருபவை. டொலர் ஏறினால் விலையும் ஏறும்.

2. உற்பத்திக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி யார் பெயரில், எவ்வளவு செலவில் எடுக்கப்படும்?

3. இயந்திரத்துக்கு எத்தனை அலகு மின்சாரம் செல்லும்? பழுதானால் திருத்துபவர் எங்கே இருக்கிறார்?

4. வாங்குவோர் யார்? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

5. ஆறு மாதம் விற்பனை இல்லாவிட்டால் தவணையை யார் கட்டுவது?

ஐந்துக்கும் தெளிவான பதில் இல்லாவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடனில்லாமல் தொடங்கக்கூடியவை எமது வளவிலேயே இருக்கின்றன. பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு தடை செய்யப்பட்டபின் ஈர்க்கிலும் பிரம்பிலும் பின்னிய தட்டுக்கு மீண்டும் கேள்வி உண்டு. பனையோலைப் பெட்டி, ஓலைக் கூடை, பன் பை செய்யத் தெரிந்த தாய்மார் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இளம் பெண்கள் கற்றுக் கொள்ளட்டும். கமுகம் மடலை அழுத்திச் செய்யும் தட்டுக்கும் வாங்குவோர் உண்டு. மேலே சொன்ன மரவள்ளிப் பசையைக் கிளிசரினும் வினாகிரியும் விடாமல் காய்ச்சினால் காகிதப் பை ஒட்டும் நல்ல கூழ் கிடைக்கும். தடித்த பழுப்புக் காகிதத்தில் பை செய்து மருந்துக் கடைக்கும் சீலைக் கடைக்கும் கொடுக்கலாம். செய்தித்தாள் மையில் சுடு சாப்பாடு படக்கூடாது, அது நினைவிருக்கட்டும்.

இன்றே செய்யக்கூடியவை

சந்தைக்குப் போகும்போது மீனுக்கு ஒரு மூடியுள்ள பாத்திரமும் மரக்கறிக்கு ஓர் ஓலைப் பையும் கொண்டு போங்கள். சாப்பாட்டுப் பார்சலுக்கு வாழையிலையை அனலில் வாட்டிப் பாவித்தால் கிழியாது.

அடுப்பு மூட்டப் பொலித்தீன் பையைக் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் புகை உங்கள் நெஞ்சுக்கும் மடியிலிருக்கும் பிள்ளைக்கும்தான் முதலில் போகிறது. பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017 முதல் தடைதான். பன்னாடை, பொச்சு, காய்ந்த ஓலை எமக்குக் குறைவில்லை.

மீதிச் சாப்பாட்டோடு பொலித்தீனைக் கட்டி எறிய வேண்டாம். மாடும் ஆடும் பையோடு விழுங்கும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்று 2022இல் செய்தி வந்தது. வில்பத்து எமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சங்கத்தில் ஒரு பரிசோதனையும் செய்யலாம். நீங்கள் செய்த மாத்தாள், கடையில் 'உக்கும்' என்று விற்ற பை, சாதாரண பொலித்தீன், வாழையிலை ஆகிய நான்கிலும் ஒவ்வொரு துண்டை வெட்டி, தனித்தனி வலைத் துணியில் கட்டி, ஒரே கூட்டெருக் குழியில் புதையுங்கள். திகதியைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மாத்தாளும் இலையும் சில கிழமைகளில் போய்விடும். கடைப் பை ஒரு வருடத்தின் பின்னும் புதிது போல இருந்தால், அதையும் உங்கள் குறிப்பையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் போங்கள். குப்பை எமது வாசலுக்கு வரும்போது கேள்வி கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு. கையில் ஆதாரம் இருந்தால் அந்தக் கேள்வியை எவரும் இலகுவில் தள்ளிவிட முடியாது.

உங்கள் குழியில் என்ன கண்டீர்கள் என்பதை எமக்கும் எழுதி அனுப்புங்கள்.